வெறும் தடிமன்

போன மாதம் பிரஷர் குளிசை எடுக்க கிளினிக்குக்குப் போன இடத்தில், நான் கடைசியாகத் தாதியாக வேலை செய்த ஆசுப்பத்திரிச் சிறுவர் விடுதிப் பக்கமும் ஒருக்கால் எட்டிப் பார்த்தேன். என்னோடு வேலை செய்த தாதிப் பிள்ளைகள் இரண்டு பேர் இன்னும் அங்கேதான். மற்றவர்கள் புதியவர்கள். அதில் ஒரு பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஊசி மருந்து கரைத்துக்கொண்டு நின்றாள். நான் பார்த்ததைக் கண்டுவிட்டாள்.

"கொரோனா இல்லை மிஸ்ஸி, பாத்திட்டன். வெறும் தடிமன்தான்" என்றாள்.

 வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகு போய் நின்று அதிகாரம் பண்ணுவது அழகல்ல. ஆனால் விடைபெறும்போது அவர்களே கேட்டார்கள், தாதியர் மலர் ஒன்று போடுகிறோம், அதற்கு உங்கள் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தாருங்கள் என்று. யுத்த காலத்தைப் பற்றி எழுதுவேன் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். அந்தக் காலத்தைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நான் தடிமனைப் பற்றி எழுதுகிறேன்.

கரவெட்டியில் பிறந்து, தாதியர் பயிற்சிக்குப் போய், காயக்கட்டும் கட்டிலுமாகப் பாதி நாளும் இடம்பெயர்வில் பாதி நாளுமாக அந்தப் பயிற்சியை முடித்தேன். அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. படித்த பாடங்களில் தடிமனுக்கு அரைப்பக்கம் இருந்திருக்கும். அந்த அரைப்பக்கத்தைப் பரீட்சைக்குக்கூட ஒருவரும் கேட்டதில்லை.

முதல் நியமனம் புத்தூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஆசுப்பத்திரி. வெளிநோயாளர் வரிசையில் மாரி காலம் தொடங்கினால் பாதிப்பேர் தடிமன்காரர்தான். அங்கே இருந்த டொக்டர் ஒல்லியான மனுசன், அதிகம் கதைக்காதவர். தடிமன் என்று வந்தாலும் சட்டையைக் கழற்றச் சொல்லி, குழாயை வைப்பதற்கு முன்னம், கையைக் கட்டிக்கொண்டு நெஞ்சை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளை மூச்சு எடுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா என்றுதான் அந்தப் பார்வை. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் அவசரப்பட மாட்டார்.

ஒருநாள் ஒரு வெங்காயச் செய்கைக்காரர் மகனைக் கொண்டுவந்தார். பொடியனுக்கு மூக்கு ஓடுகிறது, இலேசான காய்ச்சல், கொஞ்சம் இருமல். டொக்டர் பார்த்துவிட்டு, பரசிற்றமோல் மட்டும் எழுதி, இளஞ்சூட்டில் நிறையக் குடிக்கக் கொடுக்கச் சொன்னார்.

"கப்சூல் ஒண்டும் தரேல்லையோ ஐயா?" என்று அவர் கேட்டார். "நான் வெங்காயத்தைக் கிடப்பிலை விட்டிட்டு வந்து நிக்கிறன். கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கிறதெண்டால் வீட்டிலையே குடுத்திருப்பனே."

"கப்சூல் கொல்லுற கிருமி வேறை. உது வேறை" என்றார் டொக்டர். "இதை அவன்ரை உடம்புதான் கொல்லோணும். அதுக்கு ஒரு கிழமை வேணும். மூச்சு இழுத்தால், குடிக்க மறுத்தால், சோர்ந்து படுத்தால் உடனை கொண்டு வாரும். நான் இஞ்சைதான் இருப்பன்."

அவர் மருந்து எழுதிய துண்டை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு கோபத்தோடு போனார். சந்தியில் இருந்த மருந்துக் கடையில் கப்சூல் வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். பையனும் ஒரு கிழமையில் சுகப்பட்டிருப்பான். கப்சூல்தான் சுகமாக்கியது என்று அவர் ஊரெல்லாம் சொல்லியுமிருப்பார். தடிமன் அப்படிப்பட்ட வருத்தம். எதைக் கொடுத்தாலும் கொடுத்ததுக்குப் பெயர் வாங்கித் தந்துவிட்டுப் போய்விடும்.

ஆனால் எல்லாரிடமிருந்தும் அது அப்படிப் போய்விடாது. அதை நான் கடைசி வருடங்களில்தான் பார்த்தேன்.

கடைசியாக நான் வேலை செய்த சிறுவர் விடுதியின் ஒரு முனையில், கதவு போட்டுப் பிரித்த ஓர் அறை இருந்தது. குருதிப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய பிள்ளைகளை அதில்தான் வைத்திருப்போம். மருந்து நோயைக் கொல்லும்போது கிருமியோடு சண்டை பிடிக்கிற வெண்குழியங்களையும் சேர்த்துக் கொன்றுவிடும். சில கிழமைகளுக்கு அந்தப் பிள்ளைக்கு உடம்பில் காவல் இல்லை. நாங்கள்தான் காவல்.

விடுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் சிவகாமி சிஸ்டர். என்னிலும் ஒரு வயது மூப்பு. எல்லாரையும் நீர், உம்மை என்றுதான் கதைப்பார். சிரித்து நான் கண்டது குறைவு. ஆனால் காலையில் வேலைக்கு வருகிற ஒவ்வொருவரையும் வாசலில் மறித்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"என்ன சாப்பிட்டனீர்?"

புதிதில் நான் நினைத்தேன், வெளியில் கடுமையாக இருந்தாலும் உள்ளுக்குள் பாசமான மனுசி என்று. ஒருநாள் எங்களில் ஒருத்தி "மரவள்ளிக்கிழங்கு சிஸ்டர்" என்று சொன்னாள். அது "பரவள்ளி" என்று வந்தது. சிஸ்டர் அவளை உடுப்பு மாற்றவும் விடவில்லை. "வீட்டை போம். மூக்குத் திறந்தாப்போலை வாரும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு இரண்டு பேரின் வேலையை நான் ஒருத்தி செய்தேன். மூக்கடைத்தவர்களுக்கு ம வராது, ந வராது. நெத்தலி தெத்தலியாகும், மீன் பீனாகும். சாப்பாட்டைக் கேட்டால் எப்படியும் அந்த எழுத்தில் ஒன்று வந்து விழும் என்பது அவருடைய கணக்கு.

கை கழுவுவதிலும் அப்படித்தான். மோதிரம், காப்பு, மணிக்கூடு எல்லாம் கழற்ற வேண்டும். சவர்க்காரத்தை நுரைக்க வைத்து, உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, பெருவிரலைத் தனியாகப் பிடித்துத் திருகி, நகக்கண்ணை மற்ற உள்ளங்கையில் தேய்த்து, மணிக்கட்டு வரை. பெருவிரலை எல்லாரும் மறப்பார்கள். மூக்கைத் துடைக்கிறதும் பெருவிரல்தான் என்பார் சிஸ்டர். தும்மினால் காற்றில் போகிறது ஒரு பங்கு, கையில் தங்கிக் கதவுப்பிடிக்கும் கட்டில் கம்பிக்கும் போவது இன்னொரு பங்கு. கொரோனா வந்தபோது ஊர் முழுக்க இதைப் படித்தது. எங்கள் விடுதியில் புதிதாகப் படிக்க ஒன்றும் இருக்கவில்லை.

கொரோனா ஓய்ந்த பிறகுதான் கரைச்சல் கூடியது. பரிசோதனைத் துண்டில் ஒரு கோடு மட்டும் வந்தால் போதும், சனம் மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டு, "அது இல்லை, இது வெறும் தடிமன்" என்று சந்தோசத்தோடு உள்ளே வந்துவிடும்.

அந்தக் காலத்தில்தான் தர்சி எங்களிடம் இருந்தாள். ஆறு வயது. கொழும்புத்துறைப் பிள்ளை. தகப்பன் குமார் கடலேரியில் நண்டு வலை போடுகிறவர். தாய் ரஜனி மகளோடு அறையில் தங்கி நின்றாள். தலைமயிர் கொட்டின பிறகு தர்சி தாயின் சேலைத் தலைப்பைத் தன் தலைக்கு மேல் போட்டுக்கொண்டுதான் எங்களோடு கதைப்பாள். தாய் கொடுத்தால் மட்டும் சாப்பிடுவாள். வேறு ஆர் கரண்டியைப் பிடித்தாலும் வாயைப் பூட்டிக்கொள்வாள்.

மருந்து ஏற்றி, வெண்குழியங்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்த கிழமை அது. அதற்குச் சற்று முன்னம் ரஜனி ஒரு பின்னேரம் வீட்டுக்குப் போய் வந்திருந்தாள். தமக்கை வீட்டில் விட்டிருந்த சின்ன மகனைப் பார்க்கவென்று. பிறகு ஒரு காலை நான் தர்சிக்கு வெப்பம் பார்க்கப் போனபோது ரஜனி யன்னல் பக்கம் திரும்பி நின்று, முகத்தைத் துவாயில் புதைத்துக்கொண்டு ஒருமாதிரிக் குலுங்கினாள். அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"என்ன ரஜனி?"

"ஒண்டுபில்லை பிஸ்ஸி."

 அவள் தும்மலைத் துவாய்க்குள் அடக்கியிருக்கிறாள். வெளியே கூட்டிக்கொண்டு போனேன். விறாந்தையில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூக்கால் வந்த அவள் பேச்சைத் திருத்தித்தான் எழுதுகிறேன்.

"கொரோனா இல்லை மிஸ்ஸி. பாமசியிலை வாங்கி நானே பாத்தனான். ஒரு கோடுதான். சின்னவனுக்கு மூக்கு ஓடினது, அதுதான் தொத்தியிருக்கு. மாஸ்க் போட்டுக்கொண்டு நிக்கிறன். சிஸ்டருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. சொன்னால் என்னை அனுப்பிப்போடுவா."

"ரஜனி, உமக்கு இது தடிமன். அவளுக்கு இது தடிமனா நிக்காது. நெஞ்சுக்கை இறங்கும்."

"நான் போனால் அவள் சாப்பிடமாட்டாள். அவளுக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கெண்டு எனக்கு ஆரும் சொல்லேல்லை. இருக்கிற நாளிலை என்னைப் பிரிக்காதேங்கோ. நீங்களும் ஒரு தாய்தானே மிஸ்ஸி?"

கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளையின் கடைசி நாட்களாக இருந்துவிட்டால், ஒரு தும்மலுக்காகத் தாயை வெளியே நிறுத்தினோம் என்ற பழி எங்களுக்கு. இல்லையென்றால், தாயை விட்டுவைத்துப் பிள்ளையைக் கொன்றோம் என்ற பழி. ஆனால் இந்த இரண்டையும் அந்த விறாந்தையில் வைத்து நிறுத்துப் பார்க்க எனக்கு உரிமை இருக்கவில்லை. நான் நேரே போய்ச் சிஸ்டரிடம் சொன்னேன். திரும்பி வந்தபோது ரஜனி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

சிஸ்டர் அவளை ஏசவில்லை. இருக்கச் சொல்லிவிட்டுத் தானும் எட்டி இருந்தார்.

"எப்ப தொடங்கினது?"

"நேற்று, சிஸ்டர்."

"சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் அனுப்பிப்போடுவீங்கள்."

"ஓம், அனுப்பத்தான் போறன்."

"அவள் சாப்பிடமாட்டாள் சிஸ்டர்."

"சாப்பிடாட்டில் சேலைன் ஏத்துவன். தடிமன் தொத்தினால் ஏத்த என்னட்டை ஒண்டுமில்லை."

தகப்பனை வரச் சொன்னோம். கடலேரியிலிருந்து நேரே வந்தவர், சேறு காய்ந்த காலோடு வாசலில் நின்றார். சிஸ்டர் குளிக்க அனுப்பி, சுத்தமான உடுப்பு மாற்றி வரச் சொல்லி, குழாயடியில் நிறுத்திக் கை கழுவப் பழக்கினார். வலை இழுத்துத் தடித்த விரல்கள். இடுக்குகளில் வெடிப்பு. சவர்க்காரம் எரிந்திருக்கும். ஆனாலும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

பிள்ளைக்குச் சாப்பாடு தீத்துவது, வாயில் ஊட்டுவது எப்படியென்று அவருக்குத் தெரியாது. கரண்டியைக் கட்டில் விளிம்பில் பிடித்துக்கொண்டே இருந்தார். தர்சி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அவர் நண்டைப் பற்றிக் கதைத்தார், கொக்கைப் பற்றிக் கதைத்தார். அவள் திரும்பவில்லை.

ரஜனி வீட்டுக்குப் போகவில்லை. அறையின் யன்னலுக்கு வெளியே, மரநிழலில் ஒரு சீமெந்துக் கட்டு இருந்தது. அதில் வந்து இருந்துகொள்வாள். யன்னல் கண்ணாடி பூட்டித்தான் இருக்கும். அங்கிருந்து தகப்பனின் போனுக்கு எடுப்பாள். குமார் போனை மகளின் முகத்துக்கு நேரே பிடிப்பார். தர்சி கண்ணை மூடிக்கொள்வாள்.

"அம்மா உங்கைதான் பிள்ளை, யன்னலுக்கு அங்காலை. எழும்பிப் பாருங்கோ" என்றேன் நான்.

"அம்மா என்னை விட்டிட்டுப் போட்டா" என்றாள். அதுதான் அன்றைக்கு அவள் பேசிய ஒரே வார்த்தை.

நான் வெளியே போய் ரஜனிக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். வாங்கினாள். குடிக்கவில்லை. பக்கத்தில் வைத்துவிட்டு யன்னலுக்கே திரும்பினாள்.

பிறகு ஒரு காலை தர்சியின் மூக்கு ஓடத் தொடங்கியது. பின்னேரத்துக்குள் காய்ச்சல். சாதாரணப் பிள்ளைக்கு என்றால் பரசிற்றமோலைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். காவல் இல்லாத பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எந்தக் கிருமி என்று தெரிவதற்கு முன்னமே அன்ரிபயோட்டிக் ஊசி போகவேண்டும். புத்தூர் டொக்டர் கொடுக்க மறுத்த அதே இன மருந்தை, இங்கே ஓடிப்போய்க் கரைத்து ஏற்றினேன். தடிமனுக்காக அல்ல. தடிமன் திறந்துவிட்ட கதவால் வேறு எது உள்ளே வந்திருந்தாலும் அதற்காக.

மூக்கில் சேலைன் துளி விட்டு, இளகிய சளியை மெல்லத் துணியில் எடுத்தேன். பிள்ளையை மூக்குச் சிந்த விடக்கூடாது. குருதி உறையவைக்கிற சிறுதட்டுகளும் குறைந்திருந்ததால், கொஞ்சம் பலமாகச் சிந்தினாலே இரத்தம் போகும், நிற்காது. குழாய் போட்டு உறிஞ்சவும் பயம். துளி விட்டுக் காத்திருந்து, துடைத்து, திரும்ப விட்டு. தலைமாட்டை உயர்த்தி வைத்தேன். மறுநாள் காலை விலாவுக்குக் கீழே அந்தக் குழியைக் கண்டேன். ஒட்சிசன் போட்டோம்.

நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, விடுதி வைத்தியநிபுணர் குமாரை வெளியே கூப்பிட்டுக் கதைத்தார். "நெஞ்சிலை சளிக்காய்ச்சல், நியூமோனியா. பெலன் இல்லாத பிள்ளை. நாங்கள் எல்லாம் செய்யிறம். ஆனால் நீங்கள் மனதைத் தயார் பண்ணி வைச்சிருங்கோ." குமார் தலையாட்டினார். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்தார். அதைத் தான் ஒருத்திக்குப் போய்ச் சொல்லவேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கவேண்டும்.

அவர் போவதற்கு முன்னம் சிஸ்டர் எழும்பினார். வெளியே போனார். நானும் பின்னால் போனேன். ரஜனி எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு எழும்பி நின்றாள்.

"தும்மல் நிண்டிட்டுதோ?" என்று சிஸ்டர் கேட்டார்.

"ஓம் சிஸ்டர். மூக்கும் திறந்திட்டுது. என்ன சிஸ்டர்? என்ரை பிள்ளை..."

"வாரும்."

குழாயடிக்குக் கூட்டிப்போய், ரஜனியின் கைகளைத் தன் கைகளுக்குள் எடுத்துச் சிஸ்டரே கழுவினார்.  அவர் அவசரப்படவில்லை. விரல் விரலாகக் கழுவித் துடைத்து, மாஸ்க்கைக் கட்டி, மேலங்கியைப் போட்டுவிட்டார். "சிஸ்டர், டொக்டரிட்டை..." என்று நான் இழுத்தேன்.

"கேட்டிட்டன் புஸ்பமலர். வாறது வந்திட்டுது. இப்ப அந்தப் பிள்ளைக்கு இல்லாதது தாய்தான்."

ரஜனியிடம் திரும்பினார். "போம். போய்ப் பிள்ளையைத் தூக்கும்."

தர்சி கண்ணைத் திறந்து, மாஸ்க்குக்கு மேல் தெரிந்த கண்களை வெகுநேரம் பார்த்தாள். கையைத் தூக்கி மாஸ்க்கைப் பிடித்து இழுத்தாள். ரஜனி சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் வேண்டாம் என்று தலையசைத்தார். ரஜனி மகளின் கையைப் பிடித்து, மேலங்கிக்குள்ளிருந்து சேலைத் தலைப்பை எடுத்து அந்த மொட்டைத் தலைக்கு மேல் போட்டாள். பிள்ளை தாயின் மடிக்குள் ஒடுங்கிக்கொண்டாள். குமார் சுவரோடு சாய்ந்து நின்று, கழுவின கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. மருந்து கரைக்கிற அறைக்குள் போய்விட்டேன்.

அந்த முறை தர்சி தப்பினாள். தாய் தூக்கியதால் தப்பினாள் என்று நான் எழுத மாட்டேன். மருந்து பிடித்தது, வெண்குழியங்கள் மெல்ல ஏறின, காய்ச்சல் இறங்கியது. முதலில் இரண்டு கரண்டி கஞ்சி. பிறகு அரைக் கோப்பை. மூக்குத் திறந்த அன்றைக்கு, தகப்பனின் சேட்டில் நண்டு மணக்குது என்று சொல்லி மூக்கைச் சுளித்தாள். குமார் அதற்குச் சிரித்த சிரிப்பு அடுத்த விடுதிக்கும் கேட்டிருக்கும். வீட்டுக்குப் போகும்போது ரஜனி எல்லாரிடமும் சொல்லிவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்தாள். என் தோளில் ஒருதரம் நெற்றியை வைத்து எடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வருடம் அந்தப் புற்றுநோய் திரும்பி வந்தது. தடிமனோடு அல்ல, தன்பாட்டில், எலும்புக்குள் இருக்கிற மச்சையில் இருந்து. இந்தமுறை மருந்து கேட்கவில்லை. தர்சி வீட்டில், தாயின் மடியில் போனாள் என்று கேள்விப்பட்டோம். நான் செத்தவீட்டுக்குப் போய் வந்தேன். சிஸ்டருக்கு அன்று வேலை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு ஒருநாள் ரஜனி ஆசுப்பத்திரிக்கு வந்தாள். இடுப்பில் சின்ன மகன். விடுதிக் கதவுக்கு வெளியே, விறாந்தையின் அந்தக் கடைசித் தொங்கலில் நின்றுகொண்டு ஒரு சிற்றூழியரிடம் எங்களைக் கூப்பிடச் சொல்லியிருந்தாள். உள்ளே வந்து இருக்கச் சொன்னேன்.

"வரேல்லை மிஸ்ஸி. இவனுக்குத் தடிமன். உள்ளை பிள்ளையள் இருக்குங்கள்" என்றாள்.

சிஸ்டர் வெளியே வந்தார். ரஜனி அவரிடம்தான் கேட்க வந்திருந்தாள். முதலில் மகனின் மூக்கைத் துடைத்தாள், அவன் சட்டையைச் சரி பண்ணினாள்.

"சிஸ்டர், அண்டைக்கு அவளுக்கு வந்தது என்னட்டை இருந்துதானே? அதாலைதானே அவளுக்குப் பெலன் கெட்டது? அது வராமல் விட்டிருந்தால் பிறகு மருந்து கேட்டிருக்குமோ?"

"இல்லை" என்றார் சிஸ்டர்.

"வடிவாத் தெரியுமோ சிஸ்டர்?"

"வடிவாத் தெரியும். உம்மட்டை இருந்து வரேல்லை. நீர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டை போம். மூக்குக்கு உப்புத் தண்ணி விடும். வேறை மருந்து ஒண்டும் வேண்டாம்."

ரஜனி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு "சரி சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, மகனை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

எனக்கு ஒரே ஆச்சரியம். அந்தக் கிருமி தாயிடமிருந்து வந்ததா, கட்டில் கம்பியிலிருந்து வந்ததா, எங்களில் ஆரேனும் ஒருத்தியிடமிருந்து வந்ததா என்று வைத்தியநிபுணருக்கே சொல்ல முடியாமல் போயிருந்தது. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சிவகாமி சிஸ்டர் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும் சிஸ்டர்?" என்று கேட்டேன்.

அவர் படியிறங்கிப் போகிற ரஜனியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியாது" என்றார். "அவவுக்கு இன்னொரு பிள்ளையை வளர்க்கக் கிடக்கு."